கேதம் கேட்க ஒரு திரை: பின்காஸ் குட்டரின் உரையாடல் சாட்சியம்

மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில், சனிக்கிழமை மாலைகளில், மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் 11 பேரோடு உட்கார்ந்து வரலாறு படிக்கிறேன். பள்ளியில் ஆண்டுக்கணக்காக வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, பாடநூலில் ஒரு பத்தியாகச் சுருங்கிப் போனவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய கூடுகை இது. இரண்டாம் உலகப் போருக்கு வந்தபோது, நாஜிகள் கொன்ற யூதர்கள் 60 லட்சம் பேர் என்று நான் சொன்னதும், பிள்ளைகள் அத்தனை பேரும் குனிந்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுவதைப் போல அது நடந்தது. அந்த எண்ணுக்குள்ளிருந்து ஒரே ஒரு மனிதரையாவது இவர்கள் முன்னால் உட்கார வைக்க முடியாதா என்று தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதுதான், அந்தப் படுகொலையிலிருந்து உயிர்தப்பிய பின்காஸ் குட்டரின் உரையாடல் சாட்சியம். அதை இரண்டு சனிக்கிழமைகள், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, பிள்ளைகளோடு பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இது அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷோவா அறக்கட்டளை உருவாக்கியது. திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கிய அந்த அமைப்பிடம், இனப்படுகொலைகளில் உயிர்தப்பியவர்களும் அவற்றை நேரில் கண்டவர்களுமாக 55,000க்கும் மேற்பட்டவர்களின் காணொளிச் சாட்சியங்கள் உள்ளன. அவை ஒருவர் பேச மற்றவர் கேட்கும் வழக்கமான பதிவுகள். உரையாடல் சாட்சியம் அவற்றிலிருந்து வேறுபட்டது. ‘டைமென்ஷன்ஸ் இன் டெஸ்டிமனி’ என்ற பெயரில் நடக்கும் இத்திட்டத்தில், திரையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் நாமே கேள்வி கேட்கலாம். அவர் நம்மைப் பார்த்துப் பதில் சொல்வார். அருங்காட்சியகங்களில் ஆளுயரத் திரைகளில் இது வைக்கப்பட்டுள்ளது. சிகாகோவுக்கு அருகே ஸ்கோக்கியில் உள்ள இல்லினாய்ஸ் இனப்படுகொலை அருங்காட்சியகம் 2017இல் இதற்கென்றே ஓர் அரங்கத்தைத் திறந்தது. அங்கே உருவம் முப்பரிமாணமாக மேடையில் அமர்ந்திருப்பதைப் போலத் தெரியுமாம். எங்களுக்கு வாய்த்தது மாடி அறையின் வெள்ளைச் சுவரும், வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரும், அறக்கட்டளை பள்ளிகளுக்காக நடத்தும் ‘ஐவிட்னஸ்’ தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் பின்காஸ் குட்டரும்தான். அதுவே போதுமானதாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பின்காஸ் குட்டர் 2014இல் ஏறத்தாழ ஒரு வாரம் ஒரே நாற்காலியில், ஒரே உடையில் அமர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலையும் முடித்த பிறகு கைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும் பாவனையில் அமர வேண்டும். அப்போதுதான் எந்தப் பதிலுக்குப் பின்னால் எந்தப் பதில் வந்தாலும் உடலில் திடீரென்று ஒரு துள்ளல் தெரியாது. பதிவு செய்யும் கேமராக்கள் ஒன்றிரண்டு அல்ல: இதே திட்டத்தில் பதிவான ஈவா ஷ்லாஸ் என்ற பெண்மணியைச் சுற்றி 116 கேமராக்கள் நிறுத்தப்பட்டிருந்தன. பிற்காலத்தில் எந்த விதமான திரை வந்தாலும் எந்தக் கோணத்திலிருந்தும் அந்த உருவத்தைக் காட்ட முடிய வேண்டும் என்பதற்காக இத்தனை ஏற்பாடு.

நாம் கேள்வி கேட்டால், மென்பொருள் முதலில் நம் பேச்சை எழுத்தாக மாற்றுகிறது. பிறகு அந்தக் கேள்வியை, ஒவ்வொரு பதிலோடும் ஏற்கெனவே இணைத்து வைத்திருக்கும் பல வடிவக் கேள்விகளோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியதாகத் தோன்றும் பதிலின் காணொளித் துண்டை எடுத்து ஓட விடுகிறது. செயற்கை நுண்ணறிவின் வேலை இந்தத் தேர்வோடு முடிந்துவிடுகிறது. பின்காஸ் சொல்லாத ஒரு சொல்லைக்கூட இயந்திரம் அவர் வாயில் வைப்பதில்லை. பொருத்தமான பதில் இல்லையென்றால், கேள்வியை வேறு விதமாகக் கேட்கும்படி அவரே சொல்லும் ஒரு துண்டு வருகிறது. அதுவும் அவர் உண்மையாகவே பேசிப் பதிவு செய்ததுதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த ஒரு கண்காட்சியில், விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் உருவத்தைத் திரையில் அசைய வைத்து, பார்வையாளர்கள் எதைக் கேட்டாலும் அந்த நொடியிலேயே பதிலை உண்டாக்கிப் பேசும்படி அமைத்திருந்தார்கள். சிறுவன் ஒருவன் இன்றைய தேர்தலைப் பற்றிக் கேட்க, பல பத்தாண்டுகளுக்கு முன்பே இறந்துபோன அந்தப் பெரியவர் அழகான தமிழில் அதற்கும் ஒரு கருத்துச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இறந்தவரின் முகத்தை இரவலாக வாங்கி, அவர் நினைத்தும் பார்க்காத சொற்களை அவருடையவை என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பது, வரலாற்றை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஒருவனால் தாங்கிக்கொள்ளக் கூடியதாக இல்லை. சாட்சி என்ற சொல்லுக்குப் பொருளே கண்டதைச் சொல்பவர் என்பதுதான். காணாததைச் சொல்லத் தொடங்கிய கணத்தில் அந்தச் சொல் செத்துவிடுகிறது. அதிலும் இனப்படுகொலையை நடக்கவே இல்லை என்று மறுப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிற உலகத்தில், ஒரே ஒரு வாக்கியம் இட்டுக்கட்டியது என்று தெரிந்தாலும் மற்ற வாக்கியங்கள் அனைத்தையும் அவர்கள் பொய்யென்று சொல்லிவிடுவார்கள். ‘இது எனக்குத் தெரியாது, வேறு விதமாகக் கேளுங்கள்’ என்ற பொருளில் ஒரு திரை பதில் சொல்வதை நான் குறையாக நினைக்கவில்லை. எங்கள் இரண்டு மாலைகளில் எனக்கு மிகவும் மதிப்பாகத் தோன்றியது அதுதான்.

முதல் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். திரையில் பின்காஸ் அமர்ந்திருந்தார். கண் இமைத்தார், சற்றே அசைந்தார், காத்திருந்தார். மைக்கில் பேசியும் கேட்கலாம், தட்டச்சு செய்தும் கேட்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் எதையும் கேட்கத் தயங்காத பையன்கூட, “சார், எதைக் கேட்டாலும் தப்பா ஆயிருமோன்னு இருக்கு” என்று மெதுவாகச் சொன்னான். கடைசியில் ஒரு மாணவி அவர் பெயரைக் கேட்டாள். அதற்குப் பிறகு ஊர், பிறந்த ஆண்டு, அப்பா என்ன செய்தார் என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின.

நம் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போவதைக் கேதம் கேட்கப் போவது என்பார்கள். துக்கம் விசாரிப்பது என்று எழுத்தில் சொல்கிறோம். இரண்டு சொல்லிலும் கேள்வி இருக்கிறது. போகிறவர் திண்ணையில் உட்கார்ந்து, சற்று நேரம் பேசாமல் இருந்து, பிறகு ‘எப்படி ஆச்சு’ என்று ஒரு சொல் கேட்பார். அந்த வீட்டுக்காரர் ஏற்கெனவே 30 பேரிடம் சொன்னதை 31ஆவது ஆளிடமும் முதலிலிருந்து சொல்வார்: ராத்திரி கஞ்சி குடித்தது, விடியற்காலையில் மூச்சு வாங்கியது, ஆட்டோ கூப்பிடப் போனது. கேட்பவருக்கு அந்தச் செய்தி முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டாக வேண்டும். கேட்காமல் எழுந்து போனால், வந்ததே வந்ததாகாது. எங்கள் மாடி அறையில் அந்த மூன்று நிமிட மௌனத்துக்குப் பிறகு நடந்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆவணப்படம் ஒன்றைப் பார்க்கும்போது நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். இங்கே நாம் கேட்டால்தான் அவர் பேசுவார். கேட்கும் பொறுப்பு பார்வையாளரின் மடியில் வந்து விழுகிறது. 16 வயதுப் பிள்ளைகள் அந்தப் பொறுப்பின் கனத்தை உணர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பின்காஸ் குட்டர் 1932இல் போலந்தின் வூச் நகரில், தலைமுறை தலைமுறையாகத் திராட்சை மது தயாரித்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது அவருக்கு ஏழு வயது. குடும்பம் வார்சாவுக்குத் தப்பிச் சென்றது; பிறகு அங்கே யூதர்களை மதில் எழுப்பி அடைத்து வைத்த சேரிக்குள் மாட்டிக்கொண்டது. 1943 ஏப்ரலில் அந்தச் சேரியில் யூதர்கள் ஆயுதம் ஏந்திக் கிளர்ந்தெழுந்து, அது நசுக்கப்பட்ட பிறகு, லுப்லின் நகரை ஒட்டிய மைதானெக் முகாமுக்கு அந்தக் குடும்பத்தைக் கொண்டுபோனார்கள். அங்கே போய்ச் சேர்ந்த நாளிலேயே தந்தை, தாய், அவரோடு ஒரே பிரசவத்தில் பிறந்த இரட்டைச் சகோதரி மூவரும் கொல்லப்பட்டார்கள். 11 வயதில் தனியாக நின்ற சிறுவன் அடிமை வேலை முகாம்களுக்கும் பூகன்வால்டு வதைமுகாமுக்கும் அனுப்பப்பட்டு, இறுதியில் கைதிகள் வழியிலேயே செத்து விழுந்த சாவு நடைப்பயணத்தில் தெரேசியன்ஸ்டாட் முகாம் வரை நடத்திச் செல்லப்பட்டு, 1945 மே மாதம் அங்கே விடுதலை பெற்றான். இந்தச் செய்திகளை நான் வரிசையாக எழுதிவிட்டேன். பிள்ளைகளுக்கு அவை இந்த வரிசையில் கிடைக்கவில்லை. ஒருத்தி சகோதரியைப் பற்றிக் கேட்டாள். இரட்டைப் பிறவியான அந்தச் சகோதரியின் முகம் அவருக்கு நினைவில்லை; பொன்னிறமான ஒற்றைச் சடை மட்டும்தான் நினைவில் நிற்கிறது. அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்து, பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கும் செய்தி அது. அதைக் கேட்ட பிறகு எங்கள் அறையில் இரட்டைச் சடை போட்டிருந்த மாணவிகள் மூவரும் தங்களை அறியாமல் சடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் மறக்க மாட்டேன். 60 லட்சம் என்று எழுதிக்கொண்ட பிள்ளைகள்தான் அவர்கள்.

அவர் பாடவும் செய்கிறார். பாடச் சொல்லிக் கேட்டால் பாடுகிறார். நகைச்சுவை சொல்லச் சொன்னாலும் சொல்கிறார். இதைச் சேர்த்ததற்காக இதை வடிவமைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். உயிர்தப்பிய ஒருவரைத் துயரத்தின் குடுவையாக மட்டும் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. 11 வயதில் நடந்ததைத் தவிர அவருக்கு வேறு வாழ்க்கையே இருந்திருக்காது என்று நினைத்துவிடுகிறோம்.

குறைகளுக்கு வருகிறேன். கதை துண்டு துண்டாகக் கிடைக்கிறது என்பது இந்த வடிவத்தின் அடிப்படையான வரம்பு. கேள்வி எங்கே போகிறதோ அங்கேதான் பதிலும் போகும். வரலாறு தெரியாத ஒருவர் முதன்முறையாக இதன் முன் உட்கார்ந்தால், வார்சா முதலிலா மைதானெக் முதலிலா என்றுகூடப் புரியாமல் எழுந்து போகலாம். முழுமையான, தொடர்ச்சியான சாட்சியத்துக்கு இது மாற்று ஆகாது. ஒருவர் தம் வாழ்வைத் தாமே தொடங்கி, தாமே தடுமாறி, தாமே நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் சொல்வதில் உள்ள ஓட்டம் இங்கே கிடையாது. எங்கே மௌனமாக வேண்டும் என்பதை அங்கே அவர் முடிவு செய்கிறார், இங்கே நம் அடுத்த கேள்வி முடிவு செய்துவிடுகிறது. ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வழக்கமான பதிவையும் வரைபடத்தையும் காட்டிவிட்டுப் பிறகு இதற்குக் கொண்டுவருவதே முறை. முதல் வாரம் நான் அப்படிச் செய்யவில்லை. அது என் தவறு. இரண்டாம் வாரம் போலந்தின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைத்தேன்; அதற்குப் பிறகு கேள்விகளின் தரமே மாறிவிட்டது.

அந்தப் பதில்கள் 2014இல் நின்றுவிட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பின் உலகில் நடந்த எதைப் பற்றியும் அவரால் பேச முடியாது, பேசவும் கூடாது. மாணவன் ஒருவன் இன்றைய போர் ஒன்றைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டான். கேள்வியை மாற்றிக் கேட்கும்படி திரையிலிருந்து பதில் வந்ததும் அவன் முகம் வாடியது. “அவர்கிட்ட இருக்கிறதைத்தான் கேட்கணும், நாம எதிர்பார்க்கிறதைக் கேட்கக் கூடாது” என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள். வரலாற்று ஆய்வு முறை பற்றி நான் ஒரு முழுப் பருவத்தில் சொல்ல நினைத்தது அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

எங்களுக்குப் பெரிய தடையாக இருந்தது மொழி. பின்காஸ் ஆங்கிலத்தில் பேசுகிறார்; கேள்வியும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ்வழியில் படிக்கும் என் பிள்ளைகள், மனதில் தமிழில் எழுந்த கேள்வியை ஆங்கிலமாக மாற்றுவதற்குள் அதன் உயிர் போய்விடுகிறது. ஒருத்தி கேட்க நினைத்தது, ‘அன்றைக்கு உங்களுக்குப் பசித்ததா, இல்லை, பசியே மரத்துப் போயிருந்ததா’ என்பது. கடைசியில் தட்டச்சில் போனது, ‘உங்களுக்குப் பசித்ததா’ என்பது மட்டும். வாடகை மைக்கும் காலை வாரியதால் பாதிக் கேள்விகளை நானே தட்டச்சு செய்தேன். பதில் வந்ததும் நிறுத்தித் தமிழில் சொன்னேன். ஸ்கோக்கி அரங்கத்தில் பார்வையாளர் கேட்பதை வழிகாட்டி ஒருவர் வாங்கித் தெளிவாகத் திரையிடம் திருப்பிச் சொல்வார்; அந்த வழிகாட்டியின் வேலையை இங்கே நான் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் நடுவே ஒரு ஆள் நிற்பது நிற்பதுதான்.

இந்தத் தடை தாண்ட முடியாதது அல்ல என்பதற்கு இதே திட்டத்தில் சான்றுகள் உண்டு. 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை சீனாவின் நான்ஜிங் நகரைப் பிடித்தபோது நடந்த படுகொலையில், ஒன்பது பேர் கொண்ட குடும்பத்தில் ஏழு பேரை எட்டு வயதில் பறிகொடுத்த சியா ஷூச்சின் என்ற பெண்மணியின் உரையாடல் சாட்சியம் மாண்டரின் மொழியில் பதிவாகியுள்ளது. ஆஷ்விட்ஸ் முகாமின் இசைக்குழுவில் செல்லோ வாசித்து உயிர் பிழைத்த அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ், ஜெர்மன் மொழியில் கேட்கும் கேள்விகளுக்கு ஜெர்மன் மொழியிலேயே பதில் சொல்கிறார். அந்த மொழியில் நடந்த கொடுமையை அந்த மொழிக்காரர்களே கேட்க வேண்டும், அந்த மொழியிலேயே பதில் பெற வேண்டும் என்பதில் உள்ள நியாயத்தை விளக்கத் தேவையில்லை. தமிழில் இப்படி ஒன்று செய்ய வேண்டுமென்றால் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் மதுரைப் பேச்சையும் அறிய வேண்டும், மன்னார்ப் பேச்சையும் அறிய வேண்டும். ‘என்று’ என்பதை நாம் ‘ன்னு’ என்போம், அவர்கள் ‘எண்டு’ என்பார்கள். அதைவிடக் கடினமானது நம் கேள்வியின் இயல்பு. நாம் நேரடியாகக் கேட்பதில்லை. ‘அப்பா எப்போது இறந்தார்’ என்று பெரியவர் ஒருவரிடம் கேட்க நம் நா எழாது. ‘அப்ப ஐயா இல்லைங்களா’ என்று சுற்றிக் கேட்போம். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்போம். அந்தப் பாதிக் கேள்வியையும் புரிந்துகொள்ளும்படி ஒரு பொறியைப் பழக்க வேண்டியிருக்கும். முதலில் நம் மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைத் தொகுக்க வேண்டும்.

மன்னாரைச் சொன்னது தற்செயல் அல்ல. என் மாணவியரில் ஒருத்தி உச்சப்பட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறாள். முதல் வாரம் நடந்ததை அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். இரண்டாம் சனிக்கிழமை அவளுடைய அம்மம்மாவும் உடன் வந்துவிட்டார். 1990இல் மன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே வந்தவர். நாற்காலி வேண்டாமென்று சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்து, பேத்தி மெதுவாகச் சொல்லச் சொல்ல, பின்காஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, “மாஸ்டர், இவர் சாப்பிட்டவரோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியையே தட்டச்சு செய்தேன். வேறு விதமாகக் கேட்கும்படி பின்காஸ் சொன்னார். அம்மம்மா அதைக் கேட்டுத் தலையசைத்து, பரவாயில்லை என்பதைப் போலக் கையைக் காட்டினார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னது இது: “எங்களை இப்பிடி இருத்தி வைச்சு ஒருத்தரும் கேக்கேல்லை மாஸ்டர். பதிவில எழுதத்தான் கேட்டவை. பேர், ஊர், எத்தனை பேர் வந்தனீங்கள். அவ்வளவுதான்.”

அந்தச் சொல்லுக்குப் பிறகு இந்த மதிப்புரையை வெறும் தொழில்நுட்ப மதிப்புரையாக என்னால் எழுத முடியவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தை 40 வயதில் கண்டவர்கள் இன்று 80ஐத் தாண்டியவர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அறிக்கை தந்தது. தமிழருக்கு நேர்ந்தது இனப்படுகொலை என்று வட மாகாண சபை 2015 பிப்ரவரியில் தீர்மானம் போட்டது. அறிக்கையும் தீர்மானமும் இருக்கின்றன. ஆனால் நம் பேருந்தில் நம்மோடு நின்று பயணம் செய்யும் ஒரு மூதாட்டியிடம், பாயில் உட்கார வைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டுப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்?

நம் வட்டாரத்துக்கே உரிய இழப்பு ஒன்றும் உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்து நின்ற மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். இனப்படுகொலை என்ற சொல்லுக்குள் அது வராது. சொற்களை அவற்றின் அளவோடு பயன்படுத்த வேண்டும். நினைவுத் தூண் இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன. அன்றைக்கு அங்கே நின்றிருந்த ஒரு சிறுவனின் குரல் மட்டும் இல்லை. மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனைக் கட்டடத்தில், 1959 முதல் காந்தியின் இரத்தக்கறை படிந்த துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். அதன் முன் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பொருளுக்கு அந்த வலிமை உண்டு. ஆனால் துணியிடம் கேள்வி கேட்க முடியாது. பின்காஸின் திரை அந்த இடத்தில்தான் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. நாஜி மருத்துவர் மெங்கலேயின் இரட்டையர் சோதனைகளிலிருந்து உயிர்தப்பிய ஈவா கோர் 2019 ஜூலையில் காலமானார். இண்டியானா மாநிலத்தில் அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில் அவருடைய உரையாடல் சாட்சியம் இன்றும் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது பதிவு செய்ததால்தான் அது முடிந்தது.

பயன்படுத்திப் பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். தளத்துக்குக் கட்டணமில்லை, செலவு புரொஜெக்டர் வாடகையும் இணையத் தரவும் மட்டுமே. நல்ல மைக் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் தட்டச்சையே நம்புங்கள். 12 பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் கூடினால் கேள்வி வேடிக்கையாகிவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் நீட்டாதீர்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே எப்போது நிறுத்த வேண்டும் என்பது தெரியும். முதல் மாலை முடிந்ததும் நான் உடனே அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இரவில் இரண்டு பெற்றோர் அழைத்து, பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டாம் மாலை முடிந்ததும் சுக்குமல்லிக் காபி போட்டுக் கொடுத்து, அரை மணி நேரம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேச விட்டேன். அந்த அரை மணி நேரம் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி என்றே இப்போது நினைக்கிறேன். எட்டாம் வகுப்புக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இதைக் காட்ட மாட்டேன்.

நட்சத்திரங்கள் போட்டு மதிப்பிடச் சொன்னால், சாட்சியின் நேர்மைக்கு ஐந்துக்கு ஐந்தும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்பதற்கு இரண்டும் கொடுப்பேன்.

உச்சப்பட்டி மாணவி அடுத்த வாரம் ஒரு 80 பக்க நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். அம்மம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதத் தொடங்கியிருக்கிறாள். இதுவரை 43 இருக்கின்றன. எதை முதலில் கேட்பது என்று மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து வெகுநேரம் விவாதித்தார்கள். போரைப் பற்றிய கேள்விகளையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, ‘வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று என்ன சமைத்திருந்தீர்கள்’ என்பதை முதல் கேள்வியாக வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகாம் வீட்டு வாசலில், கைபேசியை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்து, அவள் அதைக் கேட்டிருக்கிறாள். பதிவை எனக்கு அனுப்பினாள். நான்கு நிமிடம் ஓடுகிறது. முதல் ஒரு நிமிடம் அம்மம்மா எதுவும் பேசவில்லை. பின்னால் ஒரு சேவல் கூவுகிறது. பிறகு சொல்கிறார்: “அண்டைக்கு அடுப்பு மூட்டேல்லை பிள்ளை. முதல் நாள் ராச்சோத்துக்குத் தண்ணி ஊத்தி வைச்சிருந்தனான். மூடி வைச்சபடி அது அப்பிடியே இருந்தது.”